அப்பாவுக்கு எம்.என்.டி. வந்தது வெல்டிங்காலா? நான் ஓடுவதை நிறுத்தவா?

மார்ச் 2 – கேள்வி

அப்பாவுக்கு 61 வயது. போன வாரம் எம்.என்.டி., அதாவது தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் கெட்டுப்போகும் மோட்டார் நியூரான் நோய் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். 32 வருடம் வெல்டிங் வேலை பார்த்தவர். நாற்பது வயது வரை சிகரெட் பிடித்தார். குடும்பத்தில் இதற்கு முன் யாருக்கும் இது வந்ததில்லை. வெல்டிங் புகைதான் காரணம் என்று வீட்டில் எல்லாரும் பேசுகிறார்கள். நிஜமா? இன்னொன்று, நான் தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவன். அதிகம் ஓடுகிறவர்களுக்கு இந்த நோய் வரும் என்று எங்கோ படித்தேன். நிறுத்திவிடவா?

மார்ச் 2, இரவு

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். நிறுத்த வேண்டாம். ஏன் என்பதை அப்புறம் எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில் கிடையாது. என் அண்ணன் இதே நோயோடு நான்கு வருடம் இருந்து போனவர். அந்த நான்கு வருடமும், அதற்குப் பிறகு மூன்று வருடமும் ஒரு நோட்டுப் போட்டு "எதனால் வந்தது" என்று எழுதிக்கொண்டே இருந்தேன். நான் டாக்டர் இல்லை, கணக்கு எழுதுகிறவள். அதனால் எண் தப்பாக இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. அந்த நோட்டில் இருப்பதை ஒவ்வொன்றாக இங்கே போடுகிறேன்.

மார்ச் 3

முதல் பக்கத்தில் இருப்பது "மாடிப்படி".

நோயைக் கண்டுபிடிப்பதற்கு எட்டு மாதம் முன்னால் அண்ணன் மாடிப்படியில் உருண்டு விழுந்தார். தலையில் நான்கு தையல். அம்மாவைப் பொறுத்தவரை அன்றைக்கு வந்த வினைதான் எல்லாம். படிக்கட்டில் தண்ணீர் சிந்தியது யார் என்று வீட்டில் பெரிய விசாரணையே நடந்தது. சிந்தியது நான்.

தலைக்காயத்தையும் இந்த நோயையும் இணைத்துப் பார்த்த ஆய்வுகள் நிறைய உண்டு. ஸ்வீடனில் நாட்டு மக்கள் எல்லாருடைய மருத்துவமனைப் பதிவுகளையும் எடுத்து ஒன்று செய்திருக்கிறார்கள். நோய் தெரிவதற்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் தலையில் அடிபட்டவர்களைப் பார்த்தால் தொடர்பு பலமாகத் தெரிகிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் அடிபட்டவர்களிடம் அது காணாமல் போய்விடுகிறது. இதைப் படித்த அன்று நோட்டை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். விழுந்ததால் நோய் வரவில்லை, நோய் ஏற்கெனவே வந்திருந்ததால்தான் விழுந்திருக்கிறார். யோசித்துப் பார்த்தால், அதற்கும் இரண்டு மாதம் முன்பிருந்தே வலது காலில் செருப்பு நிற்காமல் கழன்று கழன்று போகும். செருப்பு லூசாக இருக்கிறது என்று புதுசு வாங்கினோம்.

எது முன்னால், எது பின்னால் என்ற இந்தக் குழப்பம் இனி வரும் எல்லாக் காரணங்களிலும் இருக்கும்.

மார்ச் 5

வெல்டிங். சில ஆய்வுகளில் அந்தத் தொழில் தலைகாட்டுகிறது, சிலவற்றில் இல்லை. வெல்டிங் புகையில் மாங்கனீசு உண்டு. அது அளவுக்கு மீறி உடம்பில் சேர்ந்தால் பார்க்கின்சன் மாதிரியான நடுக்கமும் இறுக்கமும் வரும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். ஆனால் அது வேறு நோய், வேறு நரம்பணுக்கள். மின்சாரம் சார்ந்த தொழில்களில் இருப்பவர்களுக்கு எம்.என்.டி. ஆபத்து சற்றுக் கூடுதல் என்று சொல்லும் ஆய்வுகளும் இருக்கின்றன. அது காந்தப்புலத்தாலா, மின்அதிர்ச்சியாலா, கூடவே இருக்கும் உலோகத்தாலா, கரைப்பானாலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. தொழில் என்பது ஒரு பொருள் இல்லையே, முப்பது பொருள் கலந்த மூட்டை.

சுருக்கமாக, உங்கள் அப்பாவின் தொழில்மீது சந்தேகம் இருக்கலாம், தீர்ப்பு எழுத முடியாது.

மார்ச் 6

சிகரெட்டைப் பற்றிக் கொஞ்சம் உறுதியாகவே பேசலாம். பதினொரு லட்சம் பேருக்கு மேல் இருந்த ஐந்து பெரிய ஆய்வுக் குழுக்களைச் சேர்த்து 2011இல் ஒரு கணக்கு வந்தது. அவர்களில் 832 பேருக்கு நோய் வந்தது. புகைக்காதவர்களோடு ஒப்பிட்டால் புகைப்பவர்களுக்கு ஆபத்து சுமார் 1.4 மடங்கு. விட்டவர்களுக்கும் அதே அளவுதான். எத்தனை சிறிய வயதில் ஆரம்பித்தார்களோ அத்தனை கூடுதல்.

"1.4 மடங்கு" என்றால் பயமாக இருக்கிறதா? கணக்குப் போடுவோம். ஒருவருக்கு வாழ்நாளில் இந்த நோய் வரும் வாய்ப்பு ஐரோப்பியக் கணக்குப்படி ஏறத்தாழ 350இல் ஒன்று. ஆயிரம் பேரில் மூன்று பேர் என்று வையுங்கள். அதை 1.4ஆல் பெருக்கினால் நான்கு. ஆயிரம் புகைப்பவர்களில் 996 பேருக்கு வராது. அவர்களுக்கு நுரையீரலும் இதயமும் போகும், அது தனிக் கதை.

அண்ணன் கல்லூரியில் இரண்டு வருடம் புகைத்தார். எனக்கு மட்டும்தான் தெரியும். அம்மாவிடம் சொல்லவே இல்லை.

மார்ச் 9

"பத்து சதவீதம்தான் பரம்பரை, மீதி தொண்ணூறு சுற்றுச்சூழல்தானே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நானும் ஆமாம் என்று பதில் போட்டிருந்தேன்.

மார்ச் 9, சிறிது நேரம் கழித்து

தவறு. திருத்திக்கொள்கிறேன். பத்து சதவீதம் என்பது குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவருக்காவது இருந்தவர்களின் கணக்கு. மீதியைத் "தனித்து வந்தது" என்கிறார்கள். தனித்து வந்தது என்றால் மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று அர்த்தம் இல்லை. இரட்டையர்களை வைத்து 2010இல் செய்த கணக்கில், மக்களிடையே இந்த நோய்க்கான ஆபத்து ஆளுக்கு ஆள் வேறுபடுவதில் சுமார் 60 சதவீதம் மரபுவழி என்று வந்தது. அப்புறம் 2011இல் கண்டுபிடித்த சி9ஓ.ஆர்.எஃப்.72 என்ற மரபணுக் கோளாறு, குடும்பத்தில் யாருக்குமே இல்லாதவர்களிலும் ஒரு பகுதியினரிடம் இருக்கிறது. தாத்தா வேறு ஏதாவது நோயில் சீக்கிரம் போயிருந்தால் "எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை" என்றுதான் சொல்லியிருப்போம்.

எனவே கேள்வி கேட்டவரே, மரபணுச் சோதனை பற்றி நரம்பு டாக்டரிடம் கேளுங்கள். காரணம் தெரிந்துகொள்ளும் ஆசைக்காக மட்டும் இல்லை. எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுவில் கோளாறு இருந்தால் அதற்கென்றே டோஃபெர்சென் என்ற மருந்து 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றிருக்கிறது. அந்த வகை நோயாளிகள் குறைவுதான், நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் அளவில். இருந்தாலும் கேட்டுவைப்பதில் நஷ்டம் இல்லை.

மார்ச் 15

குவாம் தீவு பற்றிக் கேட்டவருக்கு. இந்த நோய் பற்றிப் படிக்க ஆரம்பித்தால் எல்லாரும் ஒரு வாரம் குவாமில் தொலைந்துபோவார்கள். நான் ஒரு மாதம் தொலைந்துபோனேன்.

பசிபிக்கில் சின்னத் தீவு. அங்குள்ள சமோரோ மக்களிடம் 1950களில் இந்த நோய் மற்ற இடங்களைவிட 50 முதல் 100 மடங்கு அதிகம். அவர்கள் சைக்காட் மரத்தின் விதையை ஊறவைத்து நஞ்சை எடுத்துவிட்டு மாவாக்கிச் சாப்பிடுவார்கள். அந்த விதையில் பி.எம்.ஏ.ஏ. என்ற நரம்பு நஞ்சு இருப்பது 1967இல் தெரிந்தது. ஆனால் நன்றாகக் கழுவிய மாவில் அது மிகக் குறைவு, நோயை உண்டாக்கப் போதாது என்றார்கள். 2002இல் பால் காக்ஸும் ஆலிவர் சாக்ஸும் ஒரு யோசனை சொன்னார்கள். சைக்காட் விதையைத் தின்னும் பழந்தின்னி வௌவாலின் உடம்பில் நஞ்சு சேர்கிறது, அந்த வௌவாலை மனிதர்கள் சாப்பிடுகிறார்கள், வௌவால் குறையக் குறைய நோயும் குறைந்தது என்று. கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! எதிர்ப்பும் அதே அளவு வந்தது, இன்றுவரை வழக்கு முடியவில்லை. போரும் அமெரிக்க வாழ்க்கை முறையும் வந்த பிறகு அங்கே ஆயிரம் விஷயங்கள் மாறின, குறைந்தது வௌவால் மட்டும் இல்லை.

எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது வேறு. இரண்டு மூன்று தலைமுறைக்குள் நோய் அங்கே சரிந்து விழுந்துவிட்டது. மரபணு அவ்வளவு சீக்கிரம் மாறாது. ஆக, வெளியிலிருந்து வந்த ஏதோ ஒன்றுக்குப் பங்கு இருந்தே ஆகவேண்டும். அது என்ன என்பதுதான் பிடிபடவில்லை.

பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் மோன்ஷவேன் என்ற கிராமம் ஒன்று. மிகச் சிறிய மக்கள்தொகை, சுமார் முப்பது வருடத்தில் 14 பேருக்கு இந்த நோய். தண்ணீர், மண், ஈயம் என்று எல்லாவற்றையும் சோதித்துவிட்டுக் கடைசியில் 2021இல் ஆய்வாளர்கள் கைகாட்டியது போலி மோரல் என்ற காட்டுக் காளானை. நோய் வந்தவர்கள் அதைத் தேடிப் பறித்துச் சாப்பிடும் பழக்கம் உள்ளவர்கள், வராதவர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதன் நஞ்சு உடம்பில் ராக்கெட் எரிபொருளில் பயன்படும் ஒரு வேதிப்பொருளாக மாறும். 14 பேரை வைத்து உலகத்துக்கே விதி எழுத முடியாது என்பது வேறு விஷயம்.

மார்ச் 16

இல்லை, கடையில் வாங்கும் காளான் இல்லை. நேற்றிரவு மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். சாப்பிடுங்கள்.

மார்ச் 21

ஓட்டம். கடன் பாக்கி இருந்தது.

இந்தப் பயம் பேஸ்பால் வீரர் லூ கெரிக்கிலிருந்து தொடங்குகிறது. ஒரு ஆட்டம்கூட விடாமல் தொடர்ந்து 2,130 ஆட்டம் ஆடியவர், 1939இல் நோய் தெரிந்தது, 1941இல் போய்விட்டார். அமெரிக்காவில் நோய்க்கே அவர் பெயர்தான். ஆனால் புகழ்பெற்ற ஒருவரை வைத்துக் கணக்குப் போடக்கூடாது. கணக்கு வந்தது பின்னால். இத்தாலியில் 1970 முதல் 2001 வரை ஆடிய 7,325 தொழில்முறைக் கால்பந்து வீரர்களை எடுத்துப் பார்த்தார்கள். பொதுமக்கள் கணக்குப்படி எதிர்பார்த்தது 0.77 பேர், அதாவது ஒருவருக்கும் குறைவு. வந்தது 5 பேருக்கு. ஆறு மடங்குக்கு மேல். ஆக, கடுமையான விளையாட்டு ஆபத்தைக் கூட்டுகிறது.

மார்ச் 22

நேற்று கடைசியாக எழுதிய வரியை அடித்துவிடுங்கள். அதே இத்தாலியக் குழு பிறகு தொழில்முறை சைக்கிள் வீரர்களையும் கூடைப்பந்து வீரர்களையும் பார்த்திருக்கிறது. அவர்களில் ஒருவருக்கும் இல்லை. மூச்சு வாங்க மிதிப்பதில் சைக்கிள்காரர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லையே. அப்படியானால் உடற்பயிற்சி இல்லை, கால்பந்தில் வேறு ஏதோ இருக்கிறது. தலையால் பந்தை முட்டுவதா, புல்தரையில் அடிக்கும் மருந்தா, வலி ஊசிகளா என்று சந்தேகங்கள். அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் 19,423 பேரைப் பார்த்த 2021 ஆய்விலும் சுமார் மூன்றரை மடங்கு. அங்கே தலையோடு தலை மோதுவதுதான் ஆட்டமே.

ஸ்வீடனின் நீண்டதூரப் பனிச்சறுக்குப் போட்டியில் ஆபத்து கூடுதலாக இருந்தது வேகமானவர்களுக்கு, பலமுறை கலந்துகொண்டவர்களுக்கு. நார்வேயில் மூன்றரை லட்சம் பேருக்கு மேல் பார்த்த 2024 ஆய்வில் நேர் எதிர். நன்றாக உடற்பயிற்சி செய்த ஆண்களுக்கு நோய் குறைவு, பெண்களிடம் வித்தியாசம் இல்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆய்வாளர்கள் சிலர் சொல்வது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: எல்லாருக்கும் ஆபத்து இல்லை, மேலே சொன்ன சி9 மரபணு மாதிரி ஏற்கெனவே விதை உள்ளவர்களுக்குக் கடுமையான பயிற்சி சீக்கிரம் இழுத்துவிடலாம் என்று.

ஒரு பழைய சந்தேகமும் இருக்கிறது. இந்த நோய் வரக்கூடிய உடல்வாகே ஒல்லியாக, வேகமாக, ஓடப் பிறந்த மாதிரி இருக்குமோ? ஓடியதால் நோய் இல்லை, ஓட்டத்துக்கும் நோய்க்கும் வேர் ஒன்றா?

ஆக, ஓடுங்கள். மரபணுச் சோதனையில் அப்பாவுக்கு ஏதாவது தெரியவந்தால் டாக்டரிடம் மறுபடி கேளுங்கள். தினம் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவர் தொழில்முறை வீரர் கிடையாது. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஏப்ரல் 4

ஈயம். பெயிண்ட், பேட்டரி, பழைய குழாய்களில் இருக்கும் ஈயம். நோயாளிகளின் இரத்தத்தில் அது அதிகம் என்று பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. நான் உடனே நோட்டில் கேள்விக்குறி போட்டேன். உடம்பில் சேரும் ஈயம் எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும், வருடக்கணக்கில் இருக்கும். நடமாட்டம் நின்று எலும்பு கரைந்தால் இரத்தத்துக்கு வரும். அப்படியானால் மறுபடியும் மாடிப்படிக் கதைதானே? எனக்கு முன்னாலேயே இதை யோசித்தவர்கள் இருக்கிறார்கள். எலும்பு கரைவதை அளந்து கழித்துப் பார்த்த பிறகும் தொடர்பு போகவில்லை என்று 2010இல் ஒரு ஆய்வு வந்தது. கேள்விக்குறியை அடித்தேன். இன்னொரு விசித்திரம், எலும்பில் ஈயம் அதிகம் உள்ள நோயாளிகள் சற்று அதிக நாள் இருந்ததாகவும் ஒரு கணக்கு உண்டு. மறுபடியும் கேள்விக்குறி.

பூச்சிமருந்தும் இப்படித்தான். அமெரிக்காவின் மிச்சிகனில் 156 நோயாளிகள், 128 மற்றவர்கள். "என்ன மருந்து அடித்தீர்கள்" என்று ஞாபகத்தைக் கேட்காமல் இரத்தத்தையே சோதித்தார்கள். சில பழைய பூச்சிமருந்துகள் நோயாளிகளிடம் கூடுதலாக இருந்தன. நோயாளியின் ஞாபகத்தை நம்பாததுதான் இதன் பலம். எங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் தொட்டது, மோந்தது எல்லாம் எங்களுக்கு ஞாபகம் வந்தது. நோய் வராதவர் வீட்டில் யார் இப்படி உட்கார்ந்து யோசிப்பார்கள்? ஆனால் இந்த மருந்துகள் கொழுப்பில் தங்குபவை. மெலிந்தால் இரத்தத்தில் ஏறுமே என்று எனக்கு ஒரு உறுத்தல் இன்னும் இருக்கிறது.

ஏப்ரல் 11

நடுவில் ஒரு சிரிப்பு. இந்த நோயாளிகளுக்கு மோதிர விரல் ஆட்காட்டி விரலைவிட நீளமாக இருக்கும் போக்கு உண்டு என்று 2011இல் லண்டனிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. கருவில் ஆண் ஹார்மோன் அதிகம் பட்டதன் அடையாளமாம். இதைச் சொன்னதும் எங்கள் வீட்டில் எல்லாரும் ஸ்கேல் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம். அளந்து முடித்தால், வீட்டில் பாதிப் பேருக்கு மோதிர விரல் நீளம். உங்களுக்கும் இருக்கும், இப்போது பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

மே 8

போரும் ஒரு காரணமா என்று கேட்டவருக்கு. 1991 வளைகுடாப் போருக்குப் போன அமெரிக்க வீரர்களிடம் சுமார் இரண்டு மடங்கு என்று 2003இல் வந்தது. எதனால் என்று யாரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் 2008இல் அந்த நாட்டு அரசு, குறைந்தது 90 நாள் தொடர்ந்து படையில் பணியாற்றிய யாருக்கு இந்த நோய் வந்தாலும் பணியால் வந்ததாகவே கொள்வோம் என்று விதி போட்டது. காரணம் நிரூபணம் ஆகட்டும் என்று காத்திருந்தால் நோயாளி இருக்கமாட்டார். இந்த ஒரு விஷயத்தில் அவர்களைப் பாராட்டுவேன்.

மே 9

"மெட்ராஸ் எம்.என்.டி." என்று ஒன்று உண்டாமே என்று கேட்டவருக்கு: உண்டு. 1970இல் மெட்ராஸ் மருத்துவர்கள் விவரித்தது. இளம் வயதில் வரும், கை கால் மெலியும், முகமும் பேச்சும் பாதிக்கும், காது கேட்காமல் போகும், ஆனால் மெதுவாகத்தான் நகரும். 61 வயதில் வந்தது அது இல்லை.

கேசரி பருப்பால் வரும் கால் விறைப்பும் வேறு. அதில் மூளையிலிருந்து இறங்கும் மேல் நரம்பணுக்கள் மட்டும் கெடும், ஓரளவுக்கு மேல் வளராது. எம்.என்.டி.யில் மேலும் கீழும் இரண்டும் போகும், நிற்காது. உணவில் உள்ள ஒரு நஞ்சு இயக்க நரம்பணுவைக் குறிபார்த்து அடிக்க முடியும் என்பதற்கு அது சாட்சி, அவ்வளவே.

ஜூன் 1

ஏன் ஒரே குற்றவாளி கிடைக்கவில்லை என்பதற்கு எனக்குத் திருப்தியான பதில் 2014இல் வந்த ஒரு கணக்கு. வயதுக்கு வயது நோய் எப்படி ஏறுகிறது என்ற கோட்டை வைத்து, நோய் தொடங்க ஏறத்தாழ ஆறு படிகள் நடக்கவேண்டும் என்றார்கள். புற்றுநோய்க்குப் போடும் அதே வகைக் கணக்கு. பிறவியிலேயே மரபணுக் கோளாறு உள்ளவர்கள் சில படிகளைத் தாண்டியே பிறக்கிறார்கள். எஸ்.ஓ.டி.1 என்றால் மீதி இரண்டு, சி9 என்றால் மூன்று. படி எது என்று கணக்கு சொல்லாது. ஒன்று புகையாக இருக்கலாம், ஒன்று ஈயமாக, ஒன்று வெறும் வயதாக.

ஆறு படியில் ஐந்தாவதோடு நின்றவர்கள் எத்தனை பேர் நம்மைச் சுற்றி நடமாடுகிறார்களோ.

ஜூன் 20

உடம்பு எடை பற்றி எழுத மறந்தேன். ஒல்லியானவர்களுக்கு ஆபத்து கூடுதல், இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஐரோப்பிய ஆய்வுகளில் குறைவு. உடனே யாரும் சர்க்கரை டப்பாவைத் திறக்க வேண்டாம். நோய் தெரிவதற்குப் பல வருடம் முன்பிருந்தே எடை சத்தமில்லாமல் இறங்க ஆரம்பிக்கிறது என்கிறார்கள். முன்னால் எது, பின்னால் எது? பழைய பாட்டுத்தான்.

ஜூலை 6

அப்பாவுக்கு எடை ஐந்து கிலோ குறைந்துவிட்டது, குடிக்கும்போது புரையேறுகிறது, ஆனால் உணவு செலுத்த வயிற்றில் குழாய் போடுவது பற்றி யோசிக்கவே அவருக்கு இஷ்டம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வெல்டிங் கடைக்காரர்மேல் வழக்குப் போடலாமா என்றும்.

வழக்கு பற்றி எனக்குத் தெரியாது. குழாய் பற்றித் தெரியும். அண்ணனுக்கு டாக்டர் முதல் முறை சொன்னபோது நான் அந்த வாரம் முழுக்க ஈயம் சம்பந்தமான கட்டுரைகளைத் தேடிக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் பார்ப்போம், அடுத்த மாதம் பார்ப்போம் என்று ஐந்து மாதம் தள்ளினோம். அதற்குள் மூச்சுத் திறன் இறங்கிவிட்டது. மூச்சு பலவீனமான பிறகு குழாய் போடுவது ஆபத்து கூடின வேலை, அண்ணனுக்கு அப்படித்தான் போடவேண்டி வந்தது. அந்த நோட்டில் இது எந்தப் பக்கத்திலும் இல்லை, இப்போதுதான் முதல்முறையாக எழுதுகிறேன்.

குழாய் போட்டாலும் முடிகிற வரை வாயால் சாப்பிடலாம், இதை அப்பாவிடம் சொல்லுங்கள். அண்ணனிடம் யாரும் சொல்லவில்லை. அடுத்த முறை போகும்போது மூச்சுத் திறன் எவ்வளவு என்று எண்ணாகவே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விழுங்குவதைச் சோதிக்கும் பேச்சுப் பயிற்சியாளரை உடனே பாருங்கள். எடையை வாரம் ஒருமுறை, ஒரே தராசில், காலையில் சாப்பிடுவதற்கு முன்.

ஜூலை 7

நிற்க முடியாவிட்டால் நாற்காலியோடு தராசில் வைத்து எடை பார்த்து, நாற்காலியின் எடையைக் கழியுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.